வகுப்பில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம்: இது சரியா?

மாடிவகுப்பு | திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்டு ஆறு வருடமாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். காசு வாங்குவதில்லை. இப்போது பதினெட்டுப் பேர். காசிமேட்டில் மீன் எடை போட்டுக் கணக்கு எழுதும் பையன், எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நிற்கும் இரண்டு பெண்கள், ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்து வருகிறார்கள். எல்லாருமே பன்னிரண்டாவது வரை ஆங்கிலத்தில் பாஸ் ஆனவர்கள். கட்டுரை கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் கேட்டால் பேச்சு வராது.

போன மாதம் உதவிக்கு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வகுப்புக்குள் தமிழே கூடாது, பேசினால் பத்து ரூபாய் என்று ஒரு உண்டியல் வைத்தார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். இரண்டு வாரத்தில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்பவள் அவள்தான், இப்போது வாயே திறப்பதில்லை. நேற்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். "சந்தேகம் வரும்போது அத இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறதுன்னு யோசிக்கிறேன்க்கா. யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்த பாடத்துக்குப் போயிடுறீங்க" என்றாள். இரவெல்லாம் அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

வகுப்பில் தமிழுக்கு இடம் உண்டா, இல்லையா? உண்டு என்றால் எவ்வளவு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: 'ஐ ஆம் கோ', 'ஹி டாக்டர்' மாதிரித் தப்புகளை எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் திரும்ப வருகின்றன. அது ஏன் என்றும் புரியவில்லை.

வியாசை அம்மா | திங்கள், இரவு 10.15

அக்கா, என் பையன் படிக்கிற பள்ளியிலும் இப்படித்தான். தமிழ் பேசினால் டைரியில் எழுதி அனுப்புவார்கள். ஒருநாள் காய்ச்சலில் தலை சுற்றுகிறது என்று மிஸ்ஸிடம் சொல்ல ஆங்கிலம் வராமல், சாயங்காலம் வரை பெஞ்சில் சாய்ந்தே கிடந்திருக்கிறான். மூன்றாவது படிக்கிற பிள்ளை. அந்த உண்டியலை முதலில் எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நைட் ஷிப்ட் | செவ்வாய், காலை 6.20

ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிறேன். நான் கொடுங்கையூர்ப் பையன், தமிழ் மீடியம், இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தினமும் ஏழு மணி நேரம் போனில் பேசுவதுதான் வேலை. அதனால் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அபராதம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழைத் தாராளமாக விட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். நான் போன இரண்டு கோச்சிங் சென்டரிலும் ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கி விளக்கியே ஒன்றரை மணி நேரமும் போய்விடும். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்றால் என்ன என்று தமிழில் பத்து நிமிடம் பேசுவேன், ஆங்கிலத்தில் ஒரு வரி வராது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ். ஆங்கிலம் காதில் விழுகிற ஒரே இடம் உங்கள் மாடி. அந்த ஒன்றரை மணி நேரத்தையும் தமிழுக்குக் கொடுத்துவிட்டால் அவர்கள் எங்கேதான் பேசிப் பழகுவார்கள்? எனக்கு வாய் திறந்தது டிரெயினிங்கில்தான். ஐந்து வாரம் ஆங்கிலத்தைத் தவிர வேறு வழியில்லை என்று ஆனபோதுதான்.

ஓய்வு வாத்தியார் | செவ்வாய், பிற்பகல் 3.05

31 வருடம் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தம்பி சொன்ன நேரக் கணக்கு உண்மையானது. அந்தப் பெண் படிக்கட்டில் சொன்னதும் உண்மை. முதலில் தப்புகளைப் பற்றிப் பேசிவிடுகிறேன். தமிழ் வேண்டுமா வேண்டாமா என்பதற்குப் பதில் அதிலேயே கிடைக்கும்.

உங்கள் பிள்ளைகள் தப்புச் செய்யும்போது கவனக்குறைவாகச் செய்வதில்லை, அம்மா. தமிழ் இலக்கணத்தைச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறார்கள். 'அவர் டாக்டர்' என்பது தமிழில் முழு வாக்கியம். வினைச்சொல்லே வேண்டாம். ஆங்கிலத்தில் அங்கே ஒரு 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்க' என்கிறோம். நம்மிடம் 'ஹேவ்' என்ற சொல்லே இல்லை, 'எனக்கு இருக்கிறது' என்றுதான் சொல்கிறோம். அதனால்தான் 'ஹேவ்' போட வேண்டிய இடத்தில் பிள்ளை தடுமாறுகிறது. 'ஐ ஆம் கோ' வேறு கதை. முதல் வகுப்பிலிருந்து 'ஐ ஆம்' என்று தொடங்கியே தன்னைப் பற்றிச் சொல்லப் பழகியதால், 'ஐ ஆம்' இரண்டும் சேர்ந்து 'நான்' என்று பதிந்துவிடுகிறது. நான் போகிறேன், ஐ ஆம் கோ. அவர்கள் கணக்கில் அது சரிதான். ஐ தான் நான், ஆம் தனி என்று பிரித்துக் காட்டினால் பாதிப் பேருக்கு அன்றே போய்விடும். வெறுமனே "தப்பு, ஐ கோ என்று சொல்" என்றால் ஆயிரம் தடவை சொன்னாலும் போகாது.

உச்சரிப்பும் இப்படித்தான். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் புக் நம் வாயில் புக்கு ஆகிறது, கப் கப்பு ஆகிறது. கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த அரை உகரம் நம் குற்றியலுகரம்தான். சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்து வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஸ்கூல் இஸ்கூல் ஆவது அந்த விதிப்படி. இஸ்கூல் என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். இரண்டாயிரம் வருடமாக நம் மொழி நடக்கிற பாதையில்தான் அந்தப் பிள்ளையும் நடக்கிறது.

ப என்ற எழுத்தைப் பாருங்கள். பல் என்னும்போது ஒரு ஒலி, கம்பு என்னும்போது வேறு ஒலி. எந்த ஒலி என்பதை அது நிற்கிற இடம் முடிவு செய்கிறது. நமக்கு ஒரே எழுத்து போதும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து, இரண்டு பொருள். துணியில் குத்துவதும் பின், குப்பை போடுவதும் பின். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். குத்துகிற பின் சொன்னால் காகிதம் ஆட வேண்டும், குப்பைக்கான பின் சொன்னால் ஆடக் கூடாது. நம் பகரத்தில் அவ்வளவு காற்று வராது. அதனால்தான் நாம் முதல் பின்னைச் சொன்னாலும் வெள்ளைக்காரர் காதில் இரண்டாவது பின்னாக விழுகிறது. பிள்ளைகள் அரை மணி நேரம் விடாமல் விளையாடுவார்கள்.

நமக்குச் சாதகமான இடமும் உண்டு, அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். கப்பலுக்கான ஷிப், ஆட்டுக்கான ஷீப் இரண்டையும் பிரிக்க உலகத்தில் எத்தனையோ நாட்டுக்காரர்கள் திணறுகிறார்கள். குறில் நெடில் படித்த பிள்ளைக்கு அது ஒரு நிமிட வேலை.

சரி, இதையெல்லாம் எந்த மொழியில் விளக்குவீர்கள்? தமிழில்தான் முடியும். தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு மட்டுமே இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அந்த அறிவைப் பூட்டி வைத்துவிட்டு வகுப்பு நடத்தச் சொல்வது எனக்குப் புரியவே இல்லை.

மாடிவகுப்பு | செவ்வாய், இரவு 10.30

ஐயா, 'ஐ ஆம்' விஷயத்தை இன்றே சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் "அப்ப இவ்ளோ நாளா நானுக்கு ரெண்டு வார்த்தை போட்டுட்டு இருந்தேனா" என்று நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டான். உண்டியலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். உதவிக்கு வந்த இருவரிடமும் பேசினேன். ஒருவருக்கு வருத்தம்தான், ஆனால் வருகிறேன் என்றார்.

ஆனால் நைட் ஷிப்ட் தம்பி சொன்னது உறுத்துகிறது. இன்று அந்த விளக்கத்துக்கே இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. விளக்கம் முடிந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். ஆங்கிலத்தில் பேசியது மொத்தம் நான்கு பேர்.

கடலோடி | புதன், அதிகாலை 4.40

கப்பலில் இருக்கிறேன், நெட் கிடைக்கும்போது வருகிறேன். திருவொற்றியூர்தான் சொந்த ஊர். அப்பா, தாத்தா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள்.

கப்பலில் எங்கள் கூட பிலிப்பைன்ஸ்காரர்கள், உக்ரைன்காரர்கள், சீனர்கள் என்று பல நாட்டுக்காரர்கள். யாருக்கும் தாய்மொழி ஆங்கிலம் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில்தான் கப்பல் ஓடுகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001ல் இதற்கென்றே வாக்கியங்களைத் தொகுத்து ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து உங்கள் வகுப்புக்குத் தூக்கிக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது.

எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வோம். நூற்றைம்பது என்றால் ஒன் ஃபைவ் ஜீரோ. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பமே வராது. காசிமேட்டில் எடைக் கணக்கு எழுதும் தம்பிக்கு நாளைக்கே உதவும். இரண்டாவது, சுக்கான் பிடிக்கிறவர் தனக்கு வந்த உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்டார்போர்ட் டென் (வலப்பக்கம் பத்து டிகிரி) என்றால் அவரும் ஸ்டார்போர்ட் டென் என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். புரிந்ததா என்று தனியாகக் கேட்கவே வேண்டாம். வகுப்பில் நீங்கள் சொன்னதை மாணவர் திருப்பிச் சொல்லிவிட்டு அதைச் செய்யட்டும், ஜன்னலைத் திற, மூன்று நோட்டு எடு என்று. கூச்சம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மூன்றாவது, தெளிவு. அனுமதி கேட்கும்போது 'மே ஐ' என்று தொடங்க வேண்டாம் என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. முதலில் 'கொஸ்டின்' என்று சொல்லிவிட்டு, 'டூ ஐ ஹேவ் பெர்மிஷன்' என்று கேட்க வேண்டும். கேள்வியா, தகவலா என்ற சந்தேகமே எழக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அழகு இரண்டாம் பட்சம்.

ஒருமுறை மேலதிகாரி தூரத்தில் போன இரட்டை அடிப்பாகம் கொண்ட படகைக் காட்டி கேட்டமரான் என்றார். அது எங்கள் மொழிச் சொல், என் தாத்தா கட்டைகளைக் கயிற்றால் கட்டி ஓட்டிய கட்டுமரம் என்று சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்குத் தடுமாறவே இல்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். சுருட்டுதான் செரூட், மிளகுத்தண்ணிதான் மல்லிகடானி. நம்மிடம் வாங்கிய மொழிதான் அது, பயப்படத் தேவையில்லை.

வார்டு சிஸ்டர் | புதன், இரவு 8.10

ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக ஓ.இ.டி. தேர்வு எழுதித் தேறியவள். மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களுக்கென்றே உள்ள ஆங்கிலத் தேர்வு அது. பேச்சுத் தேர்வில் இரண்டு காட்சி தருவார்கள். நாம் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி, அல்லது நோயாளியின் உறவினர். எழுத்துத் தேர்வில் நோயாளியின் குறிப்புகளை வைத்து ஒரு கடிதம் எழுத வேண்டும்.

முதல் முறை நான் தேறவில்லை. இலக்கணம் எனக்கு நன்றாகவே தெரியும். மாட்டிக்கொண்டது வலியில். 'டூ யூ ஹேவ் பெயின்' என்பதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வார்டில் தமிழ் நோயாளியிடம் நான் அப்படியா கேட்கிறேன்? குத்துதா, எரியுதா, விண்விண்ணுன்னு தெறிக்குதா, இழுக்குதா, மந்தமா இருக்கா, விட்டு விட்டு வருதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அந்தச் சொற்களைத் தமிழில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போட்டேன். குத்துவது ஸ்டாபிங், எரிவது பர்னிங், விண்விண் என்பது த்ராபிங், மந்தமானது டல். ஒரு நோட்டு முழுக்க ஆனது. நோயாளியோடு பேசும் திறமை எனக்கு முன்பே இருந்தது, தமிழில் இருந்தது. ஆங்கிலத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. இரண்டாம் முறை தேறிவிட்டேன்.

துணிக்கடைப் பெண்ணுக்கும் இதையே செய்யுங்கள் அக்கா. ஒரு நாளில் கடையில் அவள் தமிழில் என்னென்ன சொல்கிறாள் என்று எழுதி வரச் சொல்லுங்கள். சாயம் போகாது, ஒரு சுற்று சுருங்கும், இதே டிசைனில் வேறு கலர் இருக்கு, பில் அந்தப் பக்கம் போடணும். முப்பது நாற்பது வாக்கியம் வரும். அவளுக்கு வேண்டிய பாடப்புத்தகம் அதுதான்.

கும்மிடிப்பூண்டி வாசி | வியாழன், காலை 11.00

வாத்தியார் ஐயா உச்சரிப்பைப் பற்றி எழுதியதால் ஒரு சின்னச் சேர்க்கை. எங்கள் குடும்பம் ஈழத்திலிருந்து வந்தது. எங்கள் பக்கம் டொரன்டோவை ரொறன்ரோ என்று எழுதுவார்கள். இங்கே நண்பர்கள் பார்த்துவிட்டு எழுத்துப்பிழை என்பார்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தொடங்கும் ஒலிக்கு நாக்கு மேல் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொட வேண்டும். ட சொல்லும்போது நாக்கு இன்னும் மேலே மடங்கிப் போகிறது. எங்கள் பேச்சில் காற்று, வெற்றி என்னும்போது வருகிற ற்ற அந்த மேட்டில்தான் பிறக்கிறது. அதனால் ஆங்கில ஒலிக்கு ட-வை விட அதுதான் பக்கம். நாக்கு எங்கே போக வேண்டும் என்று காட்டுவதற்கு எங்கள் பாட்டியின் 'வெற்றிலை' போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வு வாத்தியார் | வியாழன், பிற்பகல் 2.40

கும்மிடிப்பூண்டி நண்பருக்கு நன்றி. றகரத்தின் பழைய உச்சரிப்பு அது. நம் பக்கம் தேய்ந்துபோனது, உங்கள் பக்கம் வாழ்கிறது.

அம்மா, நேரப் பிரச்சினைக்கு வருகிறேன். ஐம்பதுகளின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பெரிய பயிற்சி நடந்தது. ஆசிரியருக்கு ஆசிரியர் என்று பரவ வேண்டும் என்பதால் பனிப்பந்து என்றே அதற்குப் பெயர். சுமார் 27,000 பேரை எட்டுவது நோக்கம். திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென் என்று வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாயால் பழக்கும் முறை. என் ஆசிரியர்கள் அதில் வந்தவர்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிள்ளைகள் கோரஸாக அழகாகச் சொல்வார்கள். தனியாக விட்டால் சொல்ல வராது. கையில் இருப்பது புத்தகம் என்று எல்லாருக்கும் தெரியும்போது அதைச் சொல்ல யாருக்கும் தேவையே இல்லை, அதுதான் காரணம்.

பிறகு 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூருவிலும் நம் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறு வழியில் செய்து பார்த்தார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், வரைபடத்தைக் கொடுத்து எந்த வழி குறுக்கு வழி என்று புதிர் போடுவார்கள். பிள்ளையின் கவனம் விடை மேல் இருக்கும், விடைக்குப் போகிற வழியில் மொழி வந்து சேரும். உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இதை நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உதவியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

எனவே முதல் பத்து நிமிடம் தமிழில் விளக்கம், கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் ஒரு வேலை. அந்த நேரத்தில் சந்தேகம் கேட்க மட்டும் தமிழ் எப்போதும் திறந்திருக்கட்டும். கேட்டவருக்குப் பதில் சொன்ன உடனே, அதே கேள்வியை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிக்கொடுத்து, ஒருமுறை கேட்க வையுங்கள். தம்பி சொன்ன நேரமும் மிஞ்சும், அந்தப் பெண்ணின் கேள்வியும் தப்பிக்கும்.

சொற்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வங்காளத்தில் ஆசிரியராக இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953ல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அன்றாடப் படிப்பில் பெரும்பகுதியை அந்த அளவுச் சொற்களே தாங்கும். அகராதியைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கு அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட் | வெள்ளி, காலை 6.45

சார், சந்தேகத்துக்குத் தமிழ், வேலைக்கு ஆங்கிலம் என்றால் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. என் டிரெயினிங்கில் வாய் திறந்ததற்கும் காரணம் தமிழுக்கு இருந்த தடை அல்ல என்று இப்போது தோன்றுகிறது. தினமும் உண்மையான அழைப்பு மாதிரி ஒருவர் புகாரோடு வருவார், அதைத் தீர்க்க வேண்டும். அதுவும் நீங்கள் சொல்கிற வேலைதான்.

ஒன்று சேர்க்கிறேன். தனித்தனி ஒலியை விட அழுத்தம்தான் போனில் என்னைக் கவிழ்த்தது. தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்தி மற்றதை விழுங்குவார்கள். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவதில். ஹோட்டலில் இரண்டாவது. நான் எழுத்தெழுத்தாகச் சரியாகச் சொல்வேன், எதிரில் இருப்பவர் என்ன என்ன என்று கேட்பார். மேஜையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகினேன், அழுத்தம் வருகிற இடத்தில் மட்டும் ஓங்கித் தட்டி. சனிக்கிழமை எனக்கு லீவு. அக்கா சரி என்றால் வந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

மாடிவகுப்பு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 12.15

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நின்றுபோன ஆறு பேரில் நான்கு பேர் திரும்பிவிட்டார்கள். வீடு வீடாகப் போய் நானே கூப்பிட்டேன். ஒருவர் வேலைக்குப் போய்விட்டார். இன்னொரு பையன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான், அவனிடம் அன்று உண்டியலில் நாற்பது ரூபாய் வாங்கியிருக்கிறோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், வரவில்லை.

முதல் வேலையாக கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில் அட்டவணையை எடுத்தேன். கொருக்குப்பேட்டையில் ஏறுகிறாய், காலை ஒன்பதுக்குள் மீஞ்சூரில் இருக்க வேண்டும், நடுவில் எண்ணூரில் இறங்கி ஒருவரிடம் சாவி வாங்க வேண்டும், எந்த வண்டி? நான்கு நான்கு பேராக உட்கார வைத்தேன். சத்தமான சத்தம். பாதிக்குப் பாதி தமிழ்தான், ஆனால் 'திஸ் டிரெயின் நோ, நெக்ஸ்ட் டிரெயின் ரீச் எய்ட் ஃபிஃப்டி' என்று வாய்க்கு வந்ததைத் தைரியமாகப் பேசினார்கள். அடுத்த வாரம் ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். தினமும் அந்தத் தூண்களைத் தாண்டிப் போகிறவர்கள்தான், நின்று பார்த்தது அன்றுதான். வெளியூர்க்காரருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது போல ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என் குரலே தேவைப்படவில்லை.

காசிமேட்டுப் பையன் ஏலத்தை நடத்திக் காட்டினான். வஞ்சிரம் சீர் ஃபிஷ், வவ்வால் பாம்ஃப்ரெட், சங்கரா ரெட் ஸ்னாப்பர், நெத்திலி ஆன்ச்சோவி என்று நான்தான் அவனிடம் கற்றுக்கொண்டேன். 'ஒரு கூறு எவ்வளவு' என்பதில் எல்லாருமே மாட்டிக்கொண்டோம். ஹீப் என்றால் குவியல்தான், விலை பேசி விற்கிற கூறு என்ற அர்த்தம் வராது. கடைசியில் லாட் என்று வைத்துக்கொண்டோம். எண்களைக் கடலோடி தம்பி சொன்ன மாதிரியே சொல்கிறான், ஒன் ஃபைவ் ஜீரோ. நைட் ஷிப்ட் தம்பி இரண்டு சனிக்கிழமை வந்தார். இப்போது மாடியில் எல்லாரும் எதையாவது தட்டிக்கொண்டேதான் பேசுகிறார்கள்.

துணிக்கடைப் பெண் நாற்பத்தேழு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தாள். அதிலிருந்துதான் எனக்குப் பதில் தெரியாத சிக்கல் வந்தது. "வயசானவங்கள எப்படிக்கா யூ-ன்னு சொல்றது? நீன்னு சொல்ற மாதிரி இருக்கு, வாய் வர மாட்டேங்குது" என்கிறாள். இத்தனை நாள் அவள் பேசாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. என்ன சொல்லட்டும், ஐயா?

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.30

நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தீர்களே அம்மா, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் முன்பு நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. தௌ என்பது நீ. யூ என்பது பலருக்கும் பெரியவர்களுக்கும் உரியது. காலப்போக்கில் தௌ வழக்கொழிந்து, சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் யூ என்றே ஆகிவிட்டது. எனவே அவள் யூ சொல்லும்போது எல்லாரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதைக் குறைவே இல்லை.

மரியாதையைக் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் உருவத்தில் இருக்கிறது. 'கம் திஸ் சைட்' என்றால் வா என்கிற மாதிரி. 'குட் யூ கம் திஸ் சைட், ப்ளீஸ்' என்றால் 'இப்படி வர்றீங்களாம்மா'. கட்டளையைக் கேள்வியாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கப்பலில் இந்தச் சுற்றுவழி ஆகாது, துணிக்கடையில் அவசியம். சார், மேம் சேர்த்துக்கொண்டால் நம் ஊர்க் காதுக்கும் நிறைவாக இருக்கும்.

மாடிவகுப்பு | செவ்வாய், இரவு 10.05

சொன்னேன் ஐயா. "அப்ப எல்லாருமே நீங்கதானா" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு நாற்பத்தேழு வாக்கியத்தையும் உட்கார்ந்து கேள்வியாக மாற்றினாள். அது முடிந்ததும் அடுத்த கேள்வி. தமிழில்தான் கேட்டாள், பிறகு ஆங்கிலத்திலும் கேட்க வைத்தேன். 'எங்ககிட்ட புது ஸ்டாக் இருக்கு' என்றாலும் வீ, 'நாம போகலாம்' என்றாலும் வீ. நாங்கள், நாம் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், எதிரில் நிற்கிறவர் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வார் என்கிறாள். ஆறு வருடத்தில் நான் இதை யோசித்ததே இல்லை.

ஓய்வு வாத்தியார் | புதன், காலை 7.20

31 வருடத்தில் என்னிடமும் யாரும் இதைக் கேட்டதில்லை. வீ என்ற சொல்லில் அந்த வேறுபாடு இல்லை, இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் ஆங்கிலமும் பிரித்துக் காட்டுகிறது. 'லெட்ஸ் கோ' என்று சுருக்கிச் சொன்னால் கேட்பவரும் உள்ளே, 'நாம் போகலாம்'. 'லெட் அஸ் கோ' என்று விரித்துச் சொன்னால் 'எங்களைப் போக விடுங்கள்' என்றும் பொருள் வரலாம், அப்போது கேட்பவர் வெளியே நிற்கிறார். இரண்டையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். இந்தச் சனிக்கிழமை நானும் வரலாமா? ஸ்டேஷனிலிருந்து எந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள், அந்தப் பெண்ணோடு இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.